யார் செய்த பாவம்?

பல வருஷங்களுக்கு முன் ஒரு தொடர்கதையில் நான் ஒரு தாயைத் தண்டித்தேன். போதைப் பழக்கத்துக்கு ஆளானவள் அவள். கடைசி அத்தியாயத்தில் அவளுக்குப் பிறந்த குழந்தை மந்த புத்தியுடன் வளர்வதாக எழுதி, தாய் செய்த பாவம் பிள்ளை தலையில் விடிந்தது என்று கதையை முடித்துவிட்டேன். வாசகர்களுக்கு அந்த முடிவு மிகவும் பிடித்திருந்தது. பாராட்டிப் பல கடிதங்கள் வந்தன. தீர்ப்பு எழுதிய நீதிபதியைப் போல் எனக்கும் ஒரு திருப்தி உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்?

சென்ற வருஷம் அமெரிக்காவிலிருந்து ஓர் அம்மாள் கடிதம் எழுதியிருந்தார். நாகர்கோவில் பக்கத்தைச் சேர்ந்தவர். மேற்கு வர்ஜீனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில், பச்சைக் குழந்தைகளின் வார்டில் நர்ஸாக இருக்கிறார். கடிதத்தில் கோபம் இல்லை. "ஐயா, உங்கள் கதையில் வரும் குழந்தையைப் போன்ற குழந்தைகளை நான் தினமும் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தாயை நீங்கள் ஒரு தடவையாவது குழந்தை இருக்கும் அறைக்குள் வர விட்டிருக்கலாம்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரி என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கங்களின் நாடு. குனிந்து குனிந்து முதுகொடிந்த மனிதர்களின் நாடு. அங்கே 1996-ஆம் வருஷம், அபின் இனத்தைச் சேர்ந்த ஒரு வலி மாத்திரை 'ஆக்ஸிகான்டின்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பழக்கமாகிவிடும் அபாயம் குறைவு என்று சொல்லி டாக்டர்களிடம் விற்றார்கள். அது பொய்யான விளம்பரம் என்று 2007-இல் அந்தக் கம்பெனியே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் மாத்திரை வீடு வீடாக நுழைந்திருந்தது. பிறகு அது கிடைக்காதவர்கள் ஹெராயினுக்குப் போனார்கள். இவர்களில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் உண்டு. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில், இந்த மருந்துகள் நின்றுபோன வேதனையோடு பிறந்தவை 2000-இல் ஒன்றுக்குச் சற்று அதிகம். 2009-இல் மூன்றுக்கும் மேல்.

அது என்ன வேதனை? நம் உடம்பே அபினைப் போன்ற சில பொருள்களை இயல்பாகச் சுரக்கிறது. அவற்றை ஏற்றுக்கொள்ளும் வாயில்கள் மூளையில் இருக்கின்றன. கருவில் மூளை உருவாகும்போதே இந்த வாயில்களும் அமைகின்றன. நரம்பணுக்கள் பெருகுவதிலும், தத்தம் இடத்தில் போய் அமர்வதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. தாய் உட்கொள்ளும் மருந்தை நஞ்சுக்கொடி தடுப்பதில்லை. பத்து மாதம் வந்துகொண்டிருந்தது தொப்புள்கொடியை அறுத்த கணத்தில் நின்றுவிடுகிறது. ஓரிரு நாளில் குழந்தையின் கைகால் நடுங்குகிறது; காதைத் துளைக்கும் குரலில் வீறிடுகிறது; தும்முகிறது; பசியிருந்தும் சரியாக உறிஞ்சிப் பால் குடிக்கத் தெரியாமல் தவிக்கிறது. பத்திரிகைகள் இதற்குப் 'போதைக்கு அடிமையான சிசு' என்று பெயர் சூட்டின. எவ்வளவு அபத்தம்! கேடு என்று தெரிந்தும் தேடிப் போவதல்லவா அடிமைத்தனம்? கேடு இன்னதென்றே அறியாத உயிர் எதற்கு அடிமையாகும்? உடம்பு பழகியிருந்தது, அவ்வளவுதான்.

பிற்காலத்தில் கெடுதலே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் 2000 முதல் 2006 வரை இந்த வேதனையோடு பிறந்த குழந்தைகளின் பள்ளிப் பரீட்சை மார்க்குகளைப் பிற்காலத்தில் எடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பிலேயே பின்தங்கியிருந்தார்கள். ஏழாம் வகுப்புக்கு வரும்போது மற்றப் பிள்ளைகளின் ஐந்தாம் வகுப்பு மார்க்கைக்கூட எட்டவில்லை. படித்த பெற்றோர் இருந்த வீடுகளில் இந்த அபாயம் குறைந்திருந்தது என்பதையும் அதே ஆராய்ச்சி சொல்கிறது.

இன்னொன்று இஸ்ரேலில் அஷேர் ஓர்னாய் என்ற டாக்டர் நடத்தியது. ஹெராயின் பழக்கமுள்ள தாய்மாருக்குப் பிறந்து, மிகச் சிறு வயதிலேயே வேறு வீடுகளுக்குத் தத்துப் போன குழந்தைகள் அறிவில் ஏறக்குறைய மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்தார்கள். பிறந்த வீட்டிலேயே வளர்ந்தவர்கள் பின்தங்கினார்கள். அபின் வாசனையே அறியாமல், வறுமையிலும் கவனிப்பாரற்றும் வளர்ந்த குழந்தைகளும் பின்தங்கினார்கள்! ஆனால் மனம் ஓரிடத்தில் நில்லாத பரபரப்பு தத்துப் போன குழந்தைகளிடமும் அதிகமாகவே இருந்ததாம். ஆகவே கருப்பையைக் குற்றமற்றது என்று விடுதலை செய்யவும் முடியவில்லை. எல்லாப் பழியையும் அதன்மேல் போடவும் முடியவில்லை. கதாசிரியனுக்கு இது பெரிய சங்கடம். எங்களுக்கு ஒரு வில்லன் போதும். இங்கே பாதி வில்லன் மாத்திரை, பாதி வில்லன் வாடகை கொடுக்க முடியாத வீடு.

"அப்படியானால் பிள்ளையைப் பிடுங்கி நல்ல வீட்டில் கொடுத்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். டென்னஸி மாகாணத்தார் 2014-இல் அதற்கும் ஒரு படி மேலே போய், இப்படிக் குழந்தை பெற்ற தாயைக் குற்றவாளியாகவே நிறுத்தச் சட்டம் செய்தார்கள். பயந்துபோன பெண்கள் டாக்டரிடம் வருவதையே தவிர்த்தார்கள் என்று அங்குள்ள வைத்தியர்கள் முறையிட்டார்கள். 2016-இல் சட்டம் காலாவதியாயிற்று, அதை நீட்டிக்கவில்லை.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. கர்ப்பிணி ஒருத்தி வைராக்கியமாக மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் அவள் உடம்பு படும் பாடு கருவுக்கே ஆபத்தாகலாம். பெரும்பாலும் பழைய பழக்கத்துக்கே திரும்பவும் நேர்ந்துவிடும். அதனால் டாக்டர்களே மெத்தடோன், பியூப்ரெனார்ஃபின் என்ற மருந்துகளை அளவாகக் கொடுத்துப் பிரசவம் வரை கொண்டுபோகிறார்கள். அந்தக் குழந்தையும் பிறந்ததும் நடுங்கத்தான் செய்யும். டாக்டர் சொல்லைத் தட்டாமல் கேட்டவளின் குழந்தைக்கும், கேளாதவளின் குழந்தைக்கும் ஒரே அழுகை. அழுகையைக் கொண்டு தாயின் நடத்தையை அளப்பது எப்படி?

மருந்து கொடுத்தே ஆற்றிவந்த இந்தக் குழந்தைகளை இப்போது வேறு விதமாகவும் பார்க்கிறார்கள். பால் குடிக்கிறதா, தூங்குகிறதா, தேற்றினால் தேறுகிறதா, இம்மூன்றையும் முதலில் கவனி என்கிறார்கள். மங்கலான விளக்கு, சத்தமில்லாத அறை, தாயின் மடி. 2023-இல் வெளியான பெரிய பரிசோதனையில், குழந்தை வீடு திரும்பத் தயாராவதற்கு ஆன நாள் 14.9-இலிருந்து 8.2-ஆகக் குறைந்தது. அபின் இன மருந்து தேவைப்பட்ட குழந்தைகளும் பாதியிலிருந்து ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். நர்ஸ் அம்மாள் எழுதிய வரியின் பொருள் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் வாசலில் நிறுத்தி வைத்தவள் அந்தக் குழந்தையின் மருந்து.

ஒரு பழைய விஷயம் ஞாபகம் வருகிறது. சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில் பம்பாய்ப் பஞ்சாலைகளுக்குப் போன தாய்மார், தாங்கள் வரும்வரை குழந்தை தூங்க வேண்டுமென்று சிறிது அபினை உருட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்களாம். அந்தத் தாயை அறியாதவள் என்று ஏசியவர்கள் உண்டு. ஆலையின் சங்கு ஊதும் நேரத்தை ஏசியவர்கள் எத்தனை பேரோ!

இவ்வளவும் படித்த பிறகு நர்ஸ் அம்மாளுக்குப் பதில் எழுதினேன். நாவலின் புதிய பதிப்பு வரப்போகிறது, கடைசி அத்தியாயத்தை மாற்றி அந்தத் தாயை உள்ளே வர விட்டுவிடலாமா என்று கேட்டேன். ஏதோ வரம் கொடுப்பவனைப் போலத்தான் கேட்டிருப்பேன். அவர் பதில் இப்படி இருந்தது:

"தாராளமாக விடுங்கள் ஐயா. ஆனால் வந்தவுடன் திருந்திவிட்டாள் என்று எழுதிவிடாதீர்கள். சிலர் வருவதே இல்லை. சிலர் லிஃப்ட் வரைக்கும் வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள். சில வருஷங்களுக்கு முன் நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். போன வாரம் ஒரு பெண் இரண்டு நாள் ராப்பகலாகப் பிள்ளையை மார்போடு வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காணவில்லை. நான்காம் நாள் வந்தாள். ஏன் போனாள் என்று நான் கேட்கவில்லை. பிள்ளையை எடுத்துக் கையில் கொடுத்தேன்."

அச்சாகி வந்த புரூஃப் மேஜைமேல் இருக்கிறது. பதிப்பகத்துப் பையன் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போய்விட்டான். பழைய கடைசி வரியை அடித்துவிட்டேன். அந்த மூன்றாம் நாளை எப்படி எழுதுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.