கை கோத்தனர் – எதற்காக?

பகைகொண்ட வல்லரசுகள் படைகளை இணைத்தன என்ற செய்தி வந்தால் மகிழ்வதா, மருள்வதா? "ஒற்றுமை மலர்ந்தது, உலகம் பிழைத்தது" என்று உவகை கொள்வோர் உண்டு. பகுத்தறிவாளன் அவர்களைக் கேட்கவேண்டும்: அந்த ஒற்றுமையால் வாழ்ந்தவர் யார்? வீழ்ந்தவர் யார்?

1900ஆம் ஆண்டினைப் பாருங்கள், தோழர்களே! பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி, ரஷ்யா, ஜப்பான், அமெரிக்கா, இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி – ஒன்றையொன்று ஐயுற்று வாழ்ந்த எட்டு நாடுகள் – ஒன்றுகூடிப் பீகிங் நகரில் நுழைந்தன. முற்றுகையில் சிக்கிய தூதர்களை மீட்க வந்தோம் என்றனர். மீட்டனர், மெய்தான். மீட்டபின் நகரைச் சூறையாடினரே, அது எந்த அறம்? 45 கோடி டேல் வெள்ளியை 39 ஆண்டுகளில் செலுத்துமாறு 1901இல் சீனத்தின் தலையில் சுமத்தினர். பிரிட்டன் அனுப்பிய படையிலே இந்தியச் சிப்பாய்கள்! அடிமைப்பட்டவனைக் கொண்டே இன்னொருவனை அடக்கினர். நான்கே ஆண்டுகளில் ரஷ்யாவும் ஜப்பானும் மஞ்சூரியாவில் மோதிக்கொண்டன. கொள்ளையில் கூடியவர் பங்கில் பிரிந்தனர்!

வேறு வகைக் கூட்டும் உண்டு. 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபின், அதன் ஏவுகணைகளை வெட்டித் தகர்க்க அமெரிக்காவே பணம் தந்தது. 1993இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ரஷ்யக் குண்டுகளின் 500 டன் யுரேனியம் செறிவு குறைக்கப்பட்டு, 2013 வரை அமெரிக்க மின் நிலையங்களுக்கு எரிபொருளாயிற்று. ஏறத்தாழ 20,000 குண்டுகளுக்குரிய சரக்கு! ஊரை எரிக்க வைத்திருந்தது, வீட்டில் விளக்கு ஏற்றிற்று.

"அன்பாலா செய்தனர்? அச்சத்தால் அல்லவா?" என்பீர்கள். ஆம், அச்சமே. அச்சம் அழிவைக் குறைத்ததெனில் அதனை நான் பழிக்கமாட்டேன்.

ஆயினும் உக்ரைன் என்னை உறுத்துகிறது. தன் மண்ணிலிருந்த அணுகுண்டுகளை 1996க்குள் அது ரஷ்யாவிடம் ஒப்படைத்தது. அதன் எல்லையை மதிப்போம் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாவும் 1994இல் புடாபெஸ்டில் கையொப்பமிட்டன. 2014இல் கிரிமியாவைப் பறித்தது ரஷ்யா. 2022இல் நாடு முழுதும் படையெடுத்தது. குண்டைக் கைவிட்டது குற்றமா? இல்லை. வலியோர் வாக்கன்றி வேறு காவல் இல்லாமல் மெலியோனை விட்டதே குற்றம்.

ஆகவே, வல்லரசுகள் கைகுலுக்கும்போது கைதட்ட விரையாதீர்! அக்கைகள் ஆயுதத்தை உடைக்கின்றனவா, எளியோன் கழுத்தை நெரிக்கின்றனவா என்று பாருங்கள். உடைப்பதாயினும், நாளை அவர்கள் பிரிந்தால் எளியோனுக்குக் காவல் யார் என்று கேளுங்கள். அதற்கு விடையில்லாத கூட்டு, அறத்தின் பாதித் தொலைவைக்கூடக் கடந்ததாகாது.