தவறும் அம்பைத் தாங்குவது எது?

சென்ற கோடை விடுமுறையில் நம் இல்லத்துச் சிறுவர் இருவருக்கு வில்வித்தை மீது ஆசை பிறந்தது. உறவினர் ஒருவர் பயிற்சி வில்லொன்றும் ஆறு அம்புகளும் கொடுத்து உதவினார். கடையில் விற்கும் இலக்கோ நம் கைக்கு எட்டும் விலையில் இல்லை. பொறுமையிழந்த மூத்தவன் சுற்றுச்சுவரில் கரித்துண்டால் வட்டம் வரைந்து முதல் அம்பை எய்தான். அம்பு வட்டத்தின் நடுவிலேயே பட்டது. பட்ட வேகத்தில் தண்டு பிளந்து, பின்னோக்கித் தெறித்து, ஓரமாய் நின்ற இளையவனின் காலடியில் விழுந்தது. குறி தவறவில்லை, ஆயினும் பிள்ளை காயமுறாது தப்பியது இறையருளே.

அன்று மாலையே இலக்கொன்றை நாமே செய்ய முனைந்தோம். பொருள் யாவும் வீட்டில் கிடந்தவை: பழைய கோணிச்சாக்கு ஒன்று, கிழிந்த வேட்டிகள், சாயம்போன சேலைகள், சிறுத்துப்போன பள்ளிச் சீருடைகள், கடையில் தந்த நெகிழிப் பைகள். துணிகளிலிருந்த பொத்தான், கொக்கி, ஜிப் ஆகியவற்றை முதலில் வெட்டி நீக்கினோம். உலோகத்தில் படும் அம்பு வளையும், அல்லது திரும்பித் தெறிக்கும். மணலை நிரப்பலாமே என்றான் மூத்தவன். மணல் இறுகினால் அதுவும் சுவர்போல் ஆகிவிடும் என்று விலக்கினோம். மூலைகளில் தொடங்கி, இடைவெளி விடாது குத்தித் திணித்து, கோணி ஊசியால் வாயைத் தைத்து, இரு கம்பங்களுக்கிடையே கட்டினோம். பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் வட்டங்கள் வரைந்து முகப்பில் ஒட்டினோம்.

மறுநாள் எய்த அம்பு மெல்லிய ஓசையுடன் சாக்கில் புகுந்து நின்றது. கல்லால் இயலாததைக் கந்தல் செய்தது எங்ஙனம்? கல் அம்பை எதிர்க்கிறது. கந்தல் அம்பை ஏற்கிறது. உள்ளே புகும் அம்பின் தண்டைத் துணி மடிப்புகள் எல்லாப் பக்கமும் பற்றுகின்றன. அந்த உராய்வில் அதன் வேகம் சிறிது சிறிதாகக் கரைகிறது. அட்டைப்பெட்டிகளை வெட்டி அடுக்கி, இரு பலகைகளுக்கிடையே இறுக்கிச் செய்யும் இலக்கிலும் இதே முறைதான். அட்டைகளின் விளிம்பை நோக்கி எய்தால், அம்பு அடுக்குகளுக்கிடையே நுழைந்து பிடிபடும். இலக்கும் உடைவதில்லை, அம்பும் உடைவதில்லை. உருவி எடுத்த அம்பை மீண்டும் நாணில் பூட்டலாம்.

பாவத்தைக் குறிக்கப் புதிய ஏற்பாட்டில் வரும் ‘ஹமார்த்தியா’ என்னும் கிரேக்கச் சொல்லை நாம் இங்கு நினைவுகூர்ந்தோம். ஹோமரின் காப்பியத்தில் அதன் வினைச்சொல் எறிந்த வேல் குறி தவறியதைச் சொல்ல வருகிறது. நீதித் தலைவர்கள் நூலின் 20ஆம் அதிகாரத்தில், மயிரிழையும் பிசகாது கவண்கல் எறிய வல்ல 700 இடக்கை வீரரைப் பற்றிப் படிக்கிறோம். அங்குப் ‘பிசகுதல்’ என்பதற்கு வரும் எபிரேயச் சொல்லே பாவம் செய்தலுக்கும் உரிய சொல். அரிஸ்டாட்டிலும் தம் அறநூலில், குறி தவறுதல் எளிது, குறியில் தைத்தல் அரிது என்றார். தவறும் வழிகள் பல. தைக்கும் வழி ஒன்றே.

தவறுதல் இத்துணை எளிதாயின், குறியை நாட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா?

நம் பிள்ளைகளுக்கு முன் நாம் எத்தனையோ குறிகளை நாட்டுகிறோம்: மதிப்பெண், வேலை, ஒழுக்கம், குடும்பப் பெயர். குறிகள் வேண்டும், அவையின்றி வில்லேந்துவதில் பொருளில்லை. ஆனால் தேர்வில் தோற்ற மகன் வீடு திரும்பும்போது, அவனுக்கு முன் நிற்பது என்ன? ‘இனி என் முகத்தில் விழிக்காதே’ என்னும் சொல் சுவர். அதில் மோதும் பிள்ளை உடைகிறான். அல்லது தன் காயத்தோடு தெறித்து, தம்பியின் மீதோ தாயின் மீதோ பாய்கிறான். ‘எப்படியோ போகட்டும்’ என்னும் அலட்சியமோ வெட்டவெளி. இலக்கின் பின்னே ஒன்றுமில்லையெனில், தவறிய அம்பு வேலியைத் தாண்டி யார் வீட்டு முற்றத்தில் விழும் என்று யாரறிவார்? கடினமும் அலட்சியமும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும், தவறியவனைத் தாங்காமையில் இரண்டும் ஒன்றே.

வில்லைப் பேணிய மக்கள் இதனை நன்கறிந்திருந்தனர். 1363இல் மூன்றாம் எட்வர்டு மன்னர் திருவிழா நாள்களில் ஆடவர் விற்பயிற்சி செய்யவேண்டும் என்று ஆணையிட்டார். அக்கால இங்கிலாந்தில் புல் வேய்ந்த மண்மேடுகளையே பயிற்சிக்கு இலக்காக அமைத்தனர். ஜப்பானிய வில்நெறியான கியூதோவில் 28 மீட்டர் தொலைவில் 36 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு வட்டமே குறி. ஆனால் அதன் பின்னே நீண்ட மணல்மேடு எப்போதும் உண்டு. புதிதாகப் பயில்பவரோ அந்தக் குறியை நோக்கி உடனே எய்வதில்லை. இறுகக் கட்டிய வைக்கோல் உருளை ஒன்றின் முன், ஏறத்தாழ ஒரு வில்லின் நீளத் தொலைவில் நின்று எய்யப் பழகுகிறார். அங்குத் தவறவே இயலாது. ஆகவே தவறிவிடுவோமோ என்னும் அச்சமின்றி, நிற்பதையும் நாணிழுப்பதையும் அம்பை விடுவதையும் அவர் கற்கிறார்.

‘இவ்வாறு தாங்கிக்கொண்டே இருந்தால் குறி பார்க்கும் அக்கறை போய்விடாதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மண்மேட்டில் தைத்த அம்புக்கு எவரும் மதிப்பெண் தருவதில்லை. குறி இடம் மாறவில்லை. வட்டம் பெரிதாகவும் இல்லை. மேடு செய்வதெல்லாம் ஒன்றே: தவறிய அம்பு பிறரைக் காயப்படுத்தாமலும் தானும் தொலையாமலும் காக்கிறது. மன்னிப்பும் இத்தகையதே. தவற்றைச் சரியென்று அது சொல்வதில்லை. தவறியவனுக்கு அடுத்த அம்பை மறுப்பதுமில்லை.

இந்த உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. வேட்டைக்கான அம்புகளின் முனையில் கூரிய அலகுகள் உண்டு. அவற்றைக் கந்தல் சாக்கில் எய்யலாகாது. அவை சாக்கைக் கிழித்துவிடும். அவ்வாறே, பிறரைக் காயப்படுத்தவே குறிபார்த்து எய்பவன் குறி தவறியவன் அல்லன். அவன் தான் எண்ணிய குறியில் தைத்தவன். பாவம் முழுவதையும் ‘தவறுதல்’ என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டால், அடிபட்டவனுக்கு அநீதி இழைத்தவராவோம். அத்தகையோனிடமிருந்து முதலில் வில்லை வாங்கி வைத்தலே அறம். ஆனால் நம் வீடுகளிலும் பங்குகளிலும் நாம் கடிந்து விலக்குவோருள் எத்தனை பேர் அத்தகையோர்? கை நடுங்கி, காற்றைக் கணிக்காது, அவசரத்தில் நாணை விட்டவரே பலர் அன்றோ?

ஒரு மாதத்தில் நம் சாக்கின் நடுப்பகுதி தளர்ந்துவிட்டது. எல்லா அம்புகளும் நாடுவது அந்த ஓரிடத்தையே அன்றோ? தையலைப் பிரித்து, துணிகளைப் புரட்டி, இன்னும் சில கந்தல்களைச் சேர்த்துத் திணித்தோம். தாங்குவோரும் தேய்வர். குடும்பத்தின் வேகங்களையெல்லாம் ஏற்றுக்கொண்டு ஓசையின்றி நிற்கும் தாயையும், மூத்த சகோதரியையும், வயது முதிர்ந்த பெரியவரையும் நாம் எப்போதாவது இவ்வாறு கவனித்ததுண்டா?

இளையவன் இப்போது அம்பை உருவக் கற்றுக்கொண்டான். பின்னால் எவரும் நிற்கவில்லை என்று பார்த்து, ஒரு கையால் சாக்கை அழுத்திப் பிடித்து, மறு கையால் அம்பை அது தைத்த இடத்துக்கு அருகிலேயே பற்றி, வளைக்காமல் நேரே இழுக்கிறான். சாக்குக்கும் வலிக்கக்கூடாதாம், அப்படித்தான் அவன் சொல்கிறான்.