புதுப்பித்த வீடு பழைய வீடுதானா?

சுண்ணாம்புக் காரையால் எழுப்பிய பழைய வீட்டைத் தம் கையாலேயே செப்பனிட முனைபவர், உதிரும் சுவருக்குச் சிமெண்டு பூசினால் போதும் என எண்ணுவது இயல்பு. ஆனால் செங்கல்லில் ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே உலர்வதுபோல் இறுகிய சிமெண்டின் வழியே எளிதில் உலராததால், உப்புப் பூத்து, புதுப்பூச்சே பாளம் பாளமாகப் பெயர, அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக்கே திரும்ப நேர்கிறது. இவ்வாறு பூச்சும் உத்தரமும் ஓடும் ஒவ்வொன்றாக மாறியபின் நிற்பது அதே வீடுதானா?

உறுப்புகளின் வேறாக 'அவயவி', அதாவது முழுப்பொருள், உண்டு எனக் கொள்ளும் நியாய வைசேடிகர், ஓர் உறுப்பு நீங்கினாலே பழைய முழுப்பொருள் அழிந்து புதியது தோன்றும் என்றனர். இக்கணக்கில் ஓர் ஓட்டை மாற்றுபவரும் புதுமனை புகுகிறார் என்பது சற்று விந்தையான முடிவே. மிலிந்த மன்னனுடன் உரையாடிய பௌத்தத் துறவி நாகசேனரோ, தேரை எடுத்துக்காட்டி, 'தேர்' என்பது உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயர் மட்டுமே என்றார்.

சைவ சித்தாந்தம், காரியம் காரணத்தில் நுண்ணிலையில் முன்பே உள்ளது எனும் சற்காரியவாதத்தை ஏற்பதால், அழிவை இன்மையாகக் கொள்ளாமல் காரணத்தில் ஒடுங்குதலாகவே கொள்கிறது. உடைந்த செங்கல் இடிபட்டுச் சுண்ணாம்போடு கலந்து சுர்க்கிக் காரையாக மீண்டும் சுவரேறுவதைக் காண்பவருக்கு இக்கொள்கையே நெருக்கமானதாகத் தோன்றும். எனினும், ஒடுங்கியது தானே மீளாது, அறிவுடைய வினைமுதல் ஒருவன் வேண்டும் என்றும் அம்மரபு வற்புறுத்துகிறது. சிமெண்டைத் தேர்ந்தவனும் அறிவுடைய வினைமுதலே, ஆனால் அவன் அறிவு சிற்றறிவு.