அலுமாரியில் ஒரு தட்டு



உயிர்ப்பு ஞாயிறன்று கல்லறைக்குள் நுழைந்த இராயப்பர் கண்டது என்ன? ஆண்டவருடைய தலையை மூடியிருந்த துணி, மற்றத் துணிகளோடு கிடவாமல், தனியே ஓரிடத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. புனித யோவான் தமது நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் இதை மறவாமல் குறித்திருக்கிறார். அத்தகைய காலைப்பொழுதிலும் ஒரு துணி இருந்த இடம் கவனிக்கத்தக்கதாயிற்று. ஆகவே, நம் வீட்டு உடுப்பு அலுமாரியைப் பற்றிச் சிந்திப்பது அற்பமான காரியமன்று.

கண்டி - யாழ்ப்பாணம் நெடுஞ்சாலையில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே உள்ளது நாவுல. அங்கே ஒரு குடும்பம் தன் அறைக்கேற்ற அலுமாரி செய்யத் தச்சரை அழைக்கிறதென்று வைத்துக்கொள்வோம். தச்சர் அளவைக் கேட்பார். ஆனால் அதற்கு முன், இதை யார் யார் திறக்கப் போகிறார்கள் என்று குடும்பம் தன்னையே கேட்க வேண்டும்.

கொழுவியில் தொங்கும் சட்டையின் தோள் கதவில் முட்டாதிருக்க 2 அடி ஆழம் வேண்டும். சட்டைக்கு 3½ அடி உயரம் போதும். நீண்ட கவுணுக்கு 5 அடியாவது வேண்டும். சிறு பிள்ளையின் உடுப்பைக் கீழ்த்தட்டில் வைத்தால், அம்மாவைக் கூப்பிடாமல் தானே எடுத்து உடுக்கப் பழகும். அம்மம்மாவின் சேலை இடுப்பளவில் இருந்தால், அவர் குனியவும் வேண்டாம், எட்டவும் வேண்டாம். மாரி மழையில் சுவர் ஈரம் உறிஞ்சும். ஆகவே பின்பலகை சுவரைத் தொடாதிருக்கட்டும். அடியில் கால் வைத்தால் கறையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். இவையெல்லாம் தச்சு வேலைக் கணக்குகள்தாம். ஆயினும் ஒவ்வொன்றிலும் பிறரை நினைக்கும் அன்பு அடங்கியிருக்கிறது அன்றோ?

மேல்தட்டு ஒன்றைப் பத்திரங்களுக்கென ஒதுக்குங்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது, மாத்தளை உட்பட மலைநாட்டு மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் நேர்ந்ததை அறிவோம். அத்தகைய இரவில் லாச்சி லாச்சியாகத் தேட நேரமேது? பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி யாவும் நீர் புகாத ஒரே பெட்டியில் இருக்கட்டும். அது எங்கே இருக்கிறதென்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

எனினும் ஒழுங்கிலும் ஒரு சோதனை உண்டு. விளைச்சலை வைக்க இடம் போதாமல், பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனின் உவமையைப் புனித லூக்காஸ் 12ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டிலுள்ள செசாரியாவில் ஆயராயிருந்த புனித பசிலியார் இவ்வுவமையைப் பற்றிப் பிரசங்கித்தபோது, பெட்டியில் நாம் பூட்டி வைத்திருக்கும் மேலாடை உடையற்றவனுக்குச் சொந்தமானது என்னும் கருத்தை ஒளிவின்றி உரைத்தார். நன்றாகத் திட்டமிட்ட அலுமாரி அதிகம் கொள்ளும். அதிகம் கொள்வதாலேயே, நமக்கு வேண்டாதவை எவையென்று தெரியாமற் போகும். அப்போது அதுவும் ஒரு பெரிய களஞ்சியமே.

ஆகையால் தச்சர் வருமுன் பழைய அலுமாரியை முழுவதும் வெளியே எடுத்து வையுங்கள். கடந்த நத்தார் முதல் இன்றுவரை ஒருமுறையும் உடுத்தாதவற்றைப் பிரித்தெடுங்கள். அவற்றுள் நல்லவற்றைத் துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுங்கள். கிழிந்ததைக் கொடுப்பது தர்மமன்று. நம் குப்பையை ஏழையின் தலையில் ஏற்றுவதாகும். 1833இல் பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஓசானாமும் தோழர்களும் தொடங்கிய புனித வின்சென்ட் டி போல் சபை, ஏழைகளை அவர்களுடைய வீட்டுக்கே சென்று சந்திப்பதைத் தன் பணியாகக் கொண்டது. உங்கள் பங்கில் அச்சபையினர் இருந்தால், யாருக்கு எந்த அளவு உடுப்பு வேண்டுமென்று அவர்களிடம் கேட்டறியலாம்.

எஞ்சியதை அளந்து, அதற்கேற்ப அலுமாரி செய்யுங்கள், செலவும் குறையும். அதில் ஒரு தட்டு மட்டும் வெறுமையாய் இருக்கட்டும். கொடுப்பதற்கென எடுத்தவை அங்கே சேரட்டும். மாதத்தில் ஒருநாள் பிள்ளைகளின் கையாலேயே அவை வீட்டைவிட்டுப் போகட்டும். அதற்கான அருளை ஆண்டவர் நம் குடும்பங்களுக்கு ஈவாராக.