அச்சமா, இரக்கமா?

மனிதர் கூடி வாழ்வது அச்சத்தாலா, இரக்கத்தாலா? உள்நாட்டுப் போர் இங்கிலாந்தைச் சிதைத்த காலத்தில் வாழ்ந்த தாமஸ் ஹாப்ஸ், 1651இல் வெளியான 'லெவயதன்' நூலில் அச்சத்தையே அடிப்படையாகக் கொண்டார். பொது அதிகாரம் இல்லாவிடில் ஒவ்வொருவரும் மற்றவர்க்குப் பகையாவர். ஆதலின் உயிரச்சத்தால் உடன்படிக்கை செய்து ஆட்சிக்குப் பணிகின்றனர் என்றார். சட்டமும் காவலும் இருந்தும் கதவைத் தாழிடுகிறோமே, அதுவே சான்று என்பது அவர் வாதம்.

தாழிடுவது உண்மையே. ஆயினும் வெளியூர் செல்லுங்கால் அதே வீட்டின் திறவுகோலை அண்டை வீட்டாரிடமன்றோ ஒப்படைக்கிறோம்! பிற உயிர் துன்புறக் கண்டு இரங்குவது சிந்தனைக்கும் முற்பட்ட இயல்பு என 1755இல் வெளியான நூலில் எழுதினார் ரூசோ.

எமது ஆசிரியப் பணியில் பிரம்பை நம்பிய நாட்களும் உண்டு. பிரம்பு வகுப்பில் அமைதியைத் தந்தது. கண்டெடுத்த எழுதுகோலை உரியவரிடம் சேர்க்கும் நேர்மையை அது தரவில்லை. யாம் வெளியேறியதும் அவ்வமைதியும் உடன் வெளியேறிற்று. இதனை உணர எமக்கு ஆண்டுகள் பல ஆயின.

சொல்லைக் காக்கும் பண்பு முன்னரே இல்லையேல் எந்த உடன்படிக்கை நிலைக்கும்? சட்டம் வேலி, அது வேண்டும். ஆயினும் வேலி பயிராகிவிடாது. பயிரை விதைக்கும் இடம் வீடும் பள்ளியுமே.