கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், காலைக் காத்துக்கொள்ளுங்கள்



பயணத்தில் ஒரு நபித்தோழருக்குத் தலையில் காயம். அவருக்குக் குளிப்புக் கடமையானது. "தயம்மும் செய்யலாமா?" என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா என்று கடுமையாகக் கண்டித்தார்கள் (அபூதாவூத்).

நம் புதுக்கடையிலும் எத்தனையோ வீடுகளில் சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள். நோய் நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி மங்கும். முள் குத்தினாலும் தெரியாது. கவனிக்காத சிறு புண் சீழ்பிடித்து, சிலருக்குக் காலையே எடுக்க வேண்டிவரும்.

கால் விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவும்படி நபியவர்கள் கற்றுத் தந்தார்கள். ஒவ்வொரு உளூவிலும் அப்படிக் கழுவும்போது பாதத்தைப் பாருங்கள். வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம் உண்டா? குனிய முடியாத வாப்பாவின் பாதத்தைப் பிள்ளைகள் பாருங்கள். பிறகு துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். வெந்நீரைக் காலால் அல்ல, முழங்கையால் சோதியுங்கள். செருப்பை உதறிப் போடுங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

புண் கண்டால் கைவைத்தியம் வேண்டாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை தர வீட்டுக்கு வருபவரிடமும் கேளுங்கள். தண்ணீர் படக்கூடாது என்று மருத்துவர் சொன்னால் ஆலிமிடம் கேளுங்கள். மஸஹும் தயம்முமும் அல்லாஹ் தந்த சலுகைகள்.

உடல் அமானிதம். அதைப் பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.