புரியாமலும் கேட்கலாம்

வெளிநாட்டுப் பயணத்தில், மொழி தெரியாத ஒரு கலைநிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்குவது ரசனையா, பகட்டா? இத்தாலியின் வெரோனா நகருக்குக் கோடையில் போகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. அங்கே, கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் கட்டிய கூரையில்லாத கல் அரங்கில், இசையமைப்பாளர் வெர்டியின் பிறந்த நூற்றாண்டை ஒட்டி 1913-இல் அவரது ‘ஐடா’ ஓபரா (இசைநாடகம்) மேடையேறியது. உலகப் போர்க் காலங்களில் தடைபட்டாலும், கோடை இரவுகளில் ஓபரா நடத்தும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. கற்படிகளில் வந்து அமரும் அயலார் பலருக்கு இத்தாலிய மொழி தெரியாது. அதனால் அவர்கள் தகுதி குறைந்தவர்கள் ஆகிவிடவில்லை. ஆனால் அவர்களுக்குச் சில கடமைகள் கூடுகின்றன என்பதே என் வாதம்.

மொழி பற்றிய ஆட்சேபம் பழையது. 1711-இல் லண்டனில் ஹேண்டலின் ‘ரினால்டோ’ ஓபரா இத்தாலிய மொழியில் அரங்கேறியது. சொந்த நாட்டிலேயே ஆங்கிலேயர் அந்நியரைப் போல உட்கார்ந்து புரியாத நாடகம் பார்க்கிறார்களே என்று ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் ஜோசப் அடிசன் கேலி செய்தார். கேலியில் நியாயம் உண்டு. ஆனால் ஹேண்டல் ஜெர்மனியில் பிறந்தவர். இத்தாலிய மொழியில், ஆங்கிலேயருக்காக இசையமைத்தார். ‘ஐடா’வும் 1871-இல் முதலில் மேடையேறியது கெய்ரோவில்தான். மொழி எல்லையைத் தாண்டியே இந்தக் கலை பரவியிருக்கிறது. மேலும், உச்ச ஸ்தாயியில் உயிரொலிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் இத்தாலியருக்கே எல்லாச் சொல்லும் பிடிபடாது. சொல் தெரியாததைப் பொறுத்துக்கொள்ளலாம்; கதையே தெரியாமல் போவதுதான் சோம்பல். கதைச்சுருக்கத்தைப் படித்துவிட்டுப் போகிறவருக்கு, ‘ஐடா’வில் உயிரோடு கல்லறையில் அடைபட்ட காதலர்கள் ராடமேசும் ஐடாவும் கடைசியில் பாடுவது உலகத்திடம் விடைபெறும் பாட்டு என்பது தெரிந்திருக்கும்.

தேர்ந்த ரசிகர்களின் தடை வேறு. திறந்தவெளியில் ஒலி மெலிந்து கரைகிறது, அதை மறைக்கத்தான் பிரம்மாண்டமான காட்சிகள் என்பார்கள். ஒலி பற்றி அவர்கள் சொல்வது உண்மையே. நுணுக்கம் வேண்டுவோருக்கு மூடிய அரங்கமே சரி. ஆனால் மரபாக ஒலிபெருக்கியின்றிப் பாடப்படும் குரல் பல்லாயிரம் பேரை எட்ட வேண்டுமானால், அத்தனை பேரும் சேர்ந்து அமைதி காக்க வேண்டும். மூடிய அரங்கில் சுவரும் கூரையும் செய்யும் வேலையில் ஒரு பங்கு இங்கே பார்வையாளர் தலையில் விழுகிறது. மழை தூறினால் வயலின்காரர்கள் கருவிகளோடு எழுந்துவிடுவார்கள். வானம் வெளுக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். திரையில் எதையும் விரும்பியபடி நிறுத்தவும் ஓட்டவும் பழகிவிட்ட நமக்கு, முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து இப்படிக் காத்திருப்பதே ஒரு பயிற்சி.

இதெல்லாம் சுற்றுலா வணிகம் என்று ஒதுக்குவோரும் உண்டு. வணிகம்தான். ஆனால் 1637-இல் வெனிஸில் திறந்த முதல் பொது ஓபரா அரங்கும், காசு கொடுத்து வருவோரை நம்பித்தான் நடந்தது. சீட்டுக்குக் கொடுத்த பணம் உள்ளே நுழையும் உரிமையைத் தருகிறது. மற்றதை வந்தவர்தான் ஈட்ட வேண்டும். கதை படிக்கவும், கைபேசியை அணைத்து வைக்கவும், நள்ளிரவு ஆனாலும் கடைசி அங்கம்வரை உட்காரவும் மனமில்லாதவர் அந்த இரவை நல்ல உணவகத்தில் கழிக்கலாம்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனமிருப்பவர், இத்தாலிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாவிட்டாலும், தயங்காமல் சீட்டு வாங்கலாம்.